கில் கட்டளைக்குப் பெயர் ஆகாது

என் மனைவி கெர்னல் எழுதுகிறாள். அவள் எழுதியதற்கு நான் விளக்கம் எழுதுகிறேன். தெருவில் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு, "சாருக்கு கம்ப்யூட்டர் வேல, அம்மா கூடமாட ஒத்தாச பண்றாங்க" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் கெர்னல் என்றால் என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நான் அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. பெருந்தொற்றுக் காலத்தில் பெங்களூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். கம்பெனி திரும்ப ஆபீசுக்குக் கூப்பிடவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. உள்ளறை அவளுக்கு, கூடத்து ஜன்னலோரம் எனக்கு, மீதி வீடு முழுக்க என் அம்மாவுக்கு. பக்கத்துக் கொட்டகையில் பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிறார்கள். களிமண் அரைக்கிற பெரிய உருளை ஒன்று அங்கே காலையில் சுற்ற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. வீடியோ மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "உங்க பக்கம் நல்ல மழையா?" என்று கேட்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். "ஆமாம், விடாத மழை" என்று சொல்லிவிடுவேன். விளக்குவதைவிட அது சுலபம்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே கொஞ்சம்தான் தெரியும். தண்ணீர் மோட்டார், மின்சார மீட்டர் மாதிரி சாதனங்களுக்குள் ஓடும் ஒரு சின்ன இயங்குதளத்தை எங்கள் கம்பெனி விற்கிறது. அதன் மையம்தான் கெர்னல். ஓடுகிற ப்ரோக்ராம், திறந்திருக்கிற ஃபைல், போட்டிருக்கிற பூட்டு என்று எல்லாவற்றையும் கெர்னல் ஆப்ஜெக்ட் என்றே சொல்லும். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு பெயர், ஒரு எண், அதை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்கிற கணக்கு, இவ்வளவும் உண்டு. கல்யாண மண்டபத்தில் ஒரு அண்டாவை நான்கு பேர் பிடித்திருந்தால், நான்கு பேரும் கையை எடுத்த பிறகுதானே அதைக் கழுவி உள்ளே வைக்க முடியும்? அந்தக் கணக்குதான்.

சாதனம் திடீரென்று மக்கர் பண்ணினால் உள்ளே போய் எந்த ஆப்ஜெக்ட் என்ன நிலையில் இருக்கிறது என்று எட்டிப்பார்க்க டீபக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதன் கட்டளைகளை எழுதியது என் மனைவி. பெங்களூரில் இருந்த காலத்திலிருந்து அவள் ஒருத்திதான். 'ஷோ' என்று ஒரு கட்டளை, ஆப்ஜெக்டைக் காட்டும். 'ஹோல்டர்ஸ்' என்று ஒன்று, யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். 'கில்' என்று ஒன்று, ஓடுகிற ப்ரோக்ராமைத் தீர்த்துக்கட்டும். இப்படி ஏகப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டியது என் பாடு. எதற்கு, எப்படி அடிப்பது, அடித்தால் திரையில் என்ன வரும், எதில் ஜாக்கிரதை என்று வரிசையாக எழுத வேண்டும்.

எழுதுவதற்கு விஷயம் வேண்டுமே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"இந்தாம்மா, ஷோ என்னா பண்ணும்?"

"காட்டும்."

"எத?"

"கேட்டத."

"கேட்டது இல்லன்னா?"

"இல்லன்னு காட்டும்."

அவளுக்கு இது முழுமையான பதில். இதற்கு மேல் ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வரும் என்பதே அவளுக்குப் புதிது. இதை வைத்துக்கொண்டு நான் இரண்டு பக்கம் எழுதி மேலே அனுப்புவேன். அதில் அவள் குறிப்புகள் போடுவாள். குழம்பில் உப்பு தூக்கல் என்று நான் சொன்னால் வாயால் பதில் வரும். என் வாக்கியம் நீளம் என்று அவள் சொல்ல நினைத்தால் அது கம்பெனி வழியாக, எழுத்து மூலமாக, மேலாளருக்கும் ஒரு நகலோடு வரும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு பெங்களூரில் பதிவு இருக்கிறது.

இனி பெயர் விவகாரம். என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. அவள் அம்மா அவள் அப்பாவை 'இவரு' என்றுதான் சொல்லுவார். அந்த 'இவரு' வீட்டில் இருந்தாலும் சரி, கும்பகோணத்தில் இருந்தாலும் சரி. அதைப் பார்த்து வளர்ந்தவள். எம்.ஈ. முடித்தவள், ராகுகாலம் பார்க்காதவள், பல்லி விழுந்தால் பல்லிக்கு அடிபட்டதா என்று பார்ப்பவள். நம்பிக்கையா என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. வாயில வரல, அவ்ளோதான்" என்பாள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் என் ஆதார் அட்டையை நீட்டுவாள். கூரியர் பையன் கேட்டால், "அந்தப் பேருதான், குடு" என்பாள்.

கம்பெனி மீட்டிங்கில் இன்னும் வேடிக்கை. எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவள் மட்டும், "அதை டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொள்ளும்" என்பாள். ஒரே கூரைக்கு அடியில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "சரி, டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொள்கிறது" என்று நான் சொல்ல வேண்டும். புதிதாக வந்த மேலாளர் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று யாரோ சொன்னதும், "அப்படியென்றால் சரிதான்" என்று சொல்லிவிட்டாராம்.

கையேட்டுக்கு எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. மாதிரி என்று போடுவதெல்லாம் உண்மையாக ஓட்டிப் பார்த்து, திரையில் வந்ததை அப்படியே எடுத்ததாக இருக்க வேண்டும். கற்பனை கூடாது. அதற்காக அவள் எனக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தாள். அதை ஓடவிட்டு, அதைப் பிடித்து, அதைக் காட்டி எல்லாக் கட்டளைக்கும் மாதிரி எடுக்க வேண்டும்.

"இது என்னா வேல செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது. சும்மா ஒக்காந்துகிட்டு இருக்கும். கூப்ட்டா எழுந்திருக்கும், திரும்ப ஒக்காந்துக்கும். எடத்த மட்டும் நல்லா அடச்சிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு புரியறது கஷ்டமில்ல" என்றாள்.

கூடத்தில் முறம் வைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சரி, அப்படியா என்று, அந்த ப்ரோக்ராமுக்கு என் பெயரையே வைத்துவிட்டேன். வைத்து, 'ஷோ' பக்கத்துக்கு மாதிரி எடுத்து, அவள் பார்வைக்கு அனுப்பினேன். உள்ளறையில் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு குறிப்பு வந்தது: 'மாதிரி சரி.' அவ்வளவுதான். மாற்றச் சொன்னால் ஏன் என்று நான் கேட்பேன், கேட்டால் அவள் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவளா?

அன்றிலிருந்து அவளும் சோதித்துப் பார்க்க அந்த ப்ரோக்ராமைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. எப்படித்தான் அடிக்கிறாள் என்று ஒருநாள் காபி கொண்டுபோகிற சாக்கில் எட்டிப்பார்த்தேன். முதல் இரண்டு எழுத்தை அடித்தாள், டேப் விசையைத் தட்டினாள். மீதிப் பெயரை டீபக்கரே போட்டுக்கொண்டது.

"அது என்னா கணக்கு?"

"என்னா கணக்கு? நான் ரெண்டு எழுத்துதான அடிச்சேன். மீதிய அடிச்சது மிஷினு."

வக்கீல் தோற்றுப்போவான்.

மாதிரிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். 'கில்' வந்தது. அடித்தேன், பெயரைப் போட்டேன். டீபக்கர் மறுத்துவிட்டது. பெயர் செல்லாது, எண் கொடு என்றது. முந்தின வாரம்வரை பெயரை வாங்கிக்கொண்டிருந்த கட்டளை அது. கதவைத் தட்டினேன்.

"எல்லாக் கட்டளையும் பேரையும் வாங்குது, நம்பரையும் வாங்குது. இது மட்டும் ஏன் பேர வாங்க மாட்டேங்குது?"

திரும்பாமலேயே, "சேஃப்டி" என்றாள்.

"போன வாரம் வாங்குச்சே?"

"போன வாரம் சேஃப்டி இல்ல."

எனக்கு விளங்கிவிட்டது. என் பெயருக்கு முன்னால் 'கில்' என்று போட்டு எண்டர் தட்ட அவளுக்கு மனம் வரவில்லை. டேப் விசை தத்துவம் அங்கே உதவவில்லை போலிருக்கிறது. அதற்காக ஒரு கெர்னல் டீபக்கரின் கட்டளையையே மாற்றி எழுதிவிட்டாள். உலகத்தில் எத்தனையோ காரணங்களுக்காக எத்தனையோ பேர் கட்டளைகளை மாற்றியிருப்பார்கள். தாலி பத்திரமாக இருக்கட்டும் என்று மாற்றியது இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைவிட, உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. 'பாதுகாப்பு கருதி இக்கட்டளை எண்ணை மட்டுமே ஏற்கும்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, பக்கத்தை முடித்து அனுப்பினேன். எந்த மறுப்பும் இல்லாமல் அவள் ஒப்புதல் கொடுத்த முதல் பக்கம் அதுதான்.

கையேடு ஒரு வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போயிற்று. ஊர் ஊராகத் தண்ணீர் ஏற்றும் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறவர்கள். டீபக்கரைப் பார்த்துப் பரிசோதிக்க அவர்கள் தரப்பில் ஒரு பொறியாளர் அம்மா மீட்டிங்குக்கு வந்தார். நாக்பூர்க்காரர், தலை பாதி நரைத்தவர். அவர் என் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்திருந்தார். இந்தத் தொழிலில் எனக்கு அப்படி ஒருவர் நேர்ந்ததே இல்லை. மீட்டிங்கில் அவர் பேசப் பேச எனக்கு ஜிவ்வென்று இருந்தது. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

"எல்லாக் கட்டளையும் பெயரை ஏற்கிறது, கில் மட்டும் ஏற்கவில்லை. ஏன்?" என்றார்.

என் மனைவி, "பாதுகாப்பு" என்றாள். ஒரே பெயரில் இரண்டு ப்ரோக்ராம் இருக்கலாம், தவறானது போய்விடலாம் என்று விளக்கினாள்.

"அப்படியென்றால் பூட்டைத் திறக்கிற கட்டளைக்கும் அதே ஆபத்துதானே? அது பெயரை ஏற்கிறதே?"

பக்கத்துக் கொட்டகையில் உருளை மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். எண் என்பது ஒவ்வொரு தடவை பெட்டியை அணைத்துப் போடும்போதும் மாறிவிடும். பம்ப் நிலையத்தில் இருக்கிறவருக்குத் தெரிந்தது பெயர்தான். தொட்டி நிரம்பி வழிகிற நேரத்தில் அவர் ஃபோனில் பெயரைத்தான் சொல்லுவார். பெயரைக் கொடுத்து நிறுத்த முடியாத ஒரு கருவியை வாங்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம் என்று முடித்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் அவளை அழைத்தார். இந்த ஒரு வாடிக்கையாளரும் இல்லையென்றால் டீபக்கர் வேலையையே மூடிவிடுவது என்று மேலே பேசிவிட்டார்களாம். கட்டளைகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அவளைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம். சம்பளம் அதேதான், கவலை வேண்டாம் என்றாராம். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகச் சொல்லியிருப்பார். அவள் அதை எனக்குச் சொல்லும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

சமையலறையில் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். களைந்த தண்ணீர் தெளிந்து வந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். சாப்பாட்டு வேலை அன்றைக்கு என்னுடையது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

"நான் வேற பேரு வெச்சி எல்லா சாம்பிளையும் திரும்ப எடுத்துடறேன். ஒக்காந்தா முடிச்சிடலாம்" என்றேன்.

"வேணாங்க. அவங்க கையில பழைய புக்கு இருக்குது. அந்தம்மா வரி வரியா படிக்கறவங்க. பேர மாத்துனா எதையோ மறைக்கறோம்னு நெனப்பாங்க."

"அப்ப கில்?"

"பேர வாங்கற மாதிரி திரும்ப எழுதிடறேன்."

"அத நீ ஓட்டிக் காட்டணுமே?"

அவள் அரிசியை மறுபடி களைந்தாள். அம்மா அதுவரை வாசல்பக்கம் வெங்காய வடகத்தைப் புரட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, புருசன் பேர சொல்லக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? நான் சொன்னனா?"

"இல்லீங்க அத்த."

"நான் நாளு பூரா அவன் பேர சொல்லித்தான் திட்டறேன். கல்லு மாதிரிதான இருக்கறான்? ஒண்ணும் ஆவாது, அடி."

மனைவி சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. அம்மாவின் பேச்சுக்குச் சிரிக்காமல் இருப்பவள் அல்ல அவள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் போய், ஒரு மீட்டிங் முடிகிறவரைக்கும் உருளையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "அம்மாவுக்கா சாருக்கா?" என்றார். அவர் அம்மா என்பது என் மனைவியைத்தான், அம்மாவுக்கு என்றேன். உடனே நிறுத்தினார். எனக்கு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. என் அம்மா டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கூடத்திலிருந்து மீட்டிங்கில் சேர்ந்தேன், என் ஒலியையும் படத்தையும் நிறுத்திவிட்டு. உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. அவள் குரல் கணினியிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

'ஷோ' நன்றாக ஓடியது. இரண்டு எழுத்து, டேப். 'ஹோல்டர்ஸ்' ஓடியது. இரண்டு எழுத்து, டேப். நாக்பூர் அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "இப்போது கில், பெயரோடு" என்றார்.

திரையில் 'கில்' என்று விழுந்தது. இரண்டு எழுத்து விழுந்தது. டேப். என் பெயர் முழுதாக வந்து நின்றது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து, அடித்துத் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். தன்னைத் தீர்த்துக்கட்டச் சொல்லி இப்படிக் கெஞ்சிய புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

எண்டர் விழுந்தது. 'முடிந்தது' என்று டீபக்கர் சொன்னது. அம்மா என்னைப் பார்த்து, இருக்கிறாயா என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார்.

"நன்று. இப்போது ஆப்ஜெக்ட் பட்டியலைக் காட்டுங்கள்" என்றார் நாக்பூர் அம்மா.

பட்டியல் வந்தது. அதில் என் பெயர் அப்படியே இருந்தது.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "போகவில்லையே. அப்படியென்றால் உங்கள் கட்டளை வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? நேற்று அவசரமாகச் சேர்த்ததா இது?" என்றார். மேலாளர் நடுவில் வந்து, "இதை நாங்கள் சரிபார்த்து..." என்று ஆரம்பித்தார். அவர் குரலிலேயே மூட்டை கட்டியாகிவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"ஒரு நிமிடம்" என்றாள் என் மனைவி. அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. உயரவில்லை, நடுங்கவில்லை. யாரும் குறுக்கே பேச முடியாத குரல்.

பிறகு என் பெயரைச் சொன்னாள்.

என் பெயரைச் சொல்லி, அது முடிந்துவிட்டது, நிலை என்கிற கட்டத்தைப் பாருங்கள், இனி அது ஓடவில்லை, ஒரு வேலையும் செய்யாது என்றாள். மறுபடி பெயரைச் சொல்லி, நீங்கள் பார்ப்பது அதன் வெறும் பதிவு மட்டும்தான் என்றாள். யாரோ இன்னும் பிடித்திருப்பதால் கெர்னல் அதை வைத்திருக்கிறது, யார் என்று பார்ப்போம் என்று 'ஹோல்டர்ஸ்' அடித்தாள். டேப் தட்டவில்லை. என் பெயரை எழுத்து எழுத்தாக, முழுசாக அடித்தாள். ஒரே ஒரு வரி வந்தது. பிடித்திருந்தது எங்கள் டீபக்கரேதான். மீட்டிங் ஆரம்பத்திலிருந்து அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தோமே, அந்தப் பிடி.

"நான்தான் பிடித்திருக்கிறேன். விட்டால் போய்விடும். பாருங்கள்" என்று திறந்திருந்ததை மூடினாள். பட்டியலை மறுபடி கேட்டாள். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

நாக்பூர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார். "இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் எல்லாரும் பயந்துவிடுவார்கள். போகவில்லை என்று திரும்பத் திரும்ப அடிப்பார்கள். நீங்கள் இப்போது சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். பிறகு, "நல்ல கையேடு. எழுதியது யார்?" என்று கேட்டார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அது... டாக்குமெண்டேஷன்" என்றாள் என் மனைவி.

நான் ஒலியை நிறுத்தி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

மேலாளர் உடனே செய்தி அனுப்பிவிட்டார், டீபக்கர் வேலை தொடரும், ஒன்றும் மாறாது என்று. பக்கத்துக் கொட்டகையில் உருளை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை. தண்ணீர் கொடுத்தேன், மடமடவென்று குடித்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேலி செய்ய இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

"பேர சொல்லிட்டியே" என்றேன்.

"எந்தப் பேர?"

"எம் பேரத்தான். மூச்சு விடாம சொன்ன. வார்த்தைக்கு வார்த்த சொன்ன."

வெட்கப்படுவாள், அல்லது இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தாள்.

"அப்ப நீங்க என் ஞாபகத்துலயே இல்லீங்க" என்றாள். "அந்த ஆப்ஜெக்ட் ஏன் இன்னும் இருக்குதுன்னு அவங்களுக்கு புரிய வெக்கணும். அது மட்டுந்தான் இருந்துச்சு. அது புரியலன்னா மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிருப்பாங்க. இத்தினி வருசமா எழுதுனது. எல்லாத்தையும்." தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒரு தடவை துடைத்தது போதவில்லை.

அத்தனை நாளும் நான் அதை என் பெயரைப் பற்றிய ஒரு வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதை இழக்க இருந்தாள் என்பது அவள் கண்ணைத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்லவந்த கேலியை விட்டுவிட்டேன். பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். கட்டிய மனைவி, நீ என் ஞாபகத்திலேயே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல, அதைக் கேட்டு ஒருவனுக்குச் சந்தோஷம் வருமா என்றால், வரும். அவள் எழுதியது அவள் கையிலேயே இருக்கிறதே என்று, எனக்குக் கண் கலங்கும் அளவுக்கு வந்தது.